பெத்ரோனிலாவுக்கு ஒரு கூடு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைச் செருப்பால் அடிப்பது, எதை மடியில் வைத்துக் கொஞ்சுவது என்ற விவஸ்தையே கிடையாது. நாய்க்கு ஸ்வெட்டர் போடுகிறார்கள். கோழிக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். ஒருத்தர் ஆமையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வரிசையில் நிற்கிறார். அதே வரிசையில் பெற்ற அப்பன் நின்றால் 'முன்னால போய் நிக்கறீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

மெக்சிகோ நாட்டில் துரங்கோ என்றால் தேள் ஊர். இங்கே பிறந்த குழந்தைக்கு நடக்க வருவதற்கு முன்பே செருப்பை உதறிப் போடத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், மக்காரியோ புர்சியாகாவின் அடுப்படி அலமாரியில், காப்பி டப்பாவுக்குப் பின்னால், ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு கபுலினாச் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பேப்பர்காரர்கள் கருப்பு விதவை என்று எழுதுவார்களே, அதே பூச்சி. பளபளவென்று கருப்பு, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளி.

போன செவ்வாய்க்கிழமை காப்பி டப்பாவுக்குக் கை நீட்டியபோதுதான் மக்காரியோ அதைப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் அவர் காப்பி குடிக்கவில்லை.

பூச்சியைக் கொண்டுவந்தவர் மருமகன். நவம்பரில்தான் லாண்டரிக் கடை நடத்துகிற மகள் ஒப்துலியாவைக் கட்டிக்கொண்டு, இரண்டு பையோடு வந்து சேர்ந்த எரிபெர்தோ நாஹேரா. வயது நாற்பத்தாறு. தண்ணி மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. கதவைச் சாத்தினால்கூடச் சத்தம் வராத மனுஷர். சத்தமில்லாத ஆளை மக்காரியோ எந்தக் காலத்திலும் நம்பினதில்லை. நாற்பது வருஷம் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்தவர் அவர்; சத்தம் போடாமல் ஓடின ரம்பம்தான் அவருடைய இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டு போனது.

"பூச்சி போகணும்" என்றார் கிழவர் அன்றே.

"பூச்சி போனா நாங்களும் போறோம்" என்றாள் ஒப்துலியா.

வாய்ச்சொல்லோடு நிற்கிற பெண் இல்லை அவள். ரயிலடிக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பேசிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி வரும் என்றும் சொல்லிவிட்டாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்கு அடுப்படியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுடைய காப்பிப் பானையைச் செய்தித்தாளில் சுற்றி மூட்டைக்குள் வைத்தாள். மக்காரியோ வாசற்படியில் நின்று அந்தப் பானையையே பார்த்தார். மனைவி எவுலாலியா போய் ஆறு வருஷம். பானையும் போய்விட்டால் இந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க ஒரு காரணமும் இருக்காது.

'போகாதேம்மா' என்று சொல்லியிருக்கலாம். நான்கு எழுத்து, ஐந்து எழுத்து. அது அவர் வாயில் வராது.

"அந்தப் பூச்சிக்கு ஒழுங்கா ஒரு கூடு இருந்தா நான் ஏன் பேசப்போறேன்" என்றார், சுவரைப் பார்த்து.

ஒப்துலியா முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க?"

"ஊறுகாய் ஜாடியாம். வாயில ஒரு துணியாம். அதுக்கு ஒரு ரப்பர் பேண்டாம். மொளகாயக்கூட நான் அப்படி நம்பி வைக்க மாட்டேன்."

"சரி. அப்ப நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்து ஒரு கூடு வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கணும். அஞ்சு மணிக்குள்ள வரணும். வண்டி வந்துடுச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"இவரோடயா?"

"ஆமா, என் புருஷனோடதான்."

மருமகன் மூலையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ரெடி, தோன் மக்காரியோ" என்றார், ஐயா என்பதுபோல அந்தத் 'தோன்' மரியாதையை விடாமல், பூசையில் பதில் சொல்வதுபோல.

*

சந்தையில் முதல் கடை மீன்தொட்டிக் கடை.

"இது நல்லா கனமா இருக்கு" என்று தட்டிப் பார்த்தார் மக்காரியோ. "பூனை தள்ளினாலும் விழாது."

"மூடி மேல இருக்குங்களே."

"மூடி மேல இல்லாம காலடியிலயா இருக்கும்?"

"பெத்ரோனிலா எப்பவும் மேலதான் தொங்குவா, தலைகீழா. நூல மூடியிலதான் கட்டுவா. அத ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் அவ வீட்டக் கூரையோட பிச்சு எடுக்கற மாதிரி. இப்ப ஜாடியில அதான் நடக்குது. வாரம் ஒரு சில்வண்டு போடறேன், வாரம் ஒரு வீடு இடியுது. ராத்திரியெல்லாம் உக்காந்து மறுபடி கட்டறா."

"பெத்ரோனிலாவா? பூச்சிக்குப் பேரா?"

"ஒப்துலியா வச்சது."

பெத்ரோனிலா என்பது மக்காரியோவின் கொழுந்தியாள் பெயர். கருப்பு உடுப்பு, கடிக்கிற வாய், யார் வீட்டுக்கு வந்தாலும் மூலையில் உட்கார்ந்துகொண்டு நகராத குணம். பெயர் பொருத்தம்தான் என்று கிழவருக்கு உள்ளுக்குள் தோன்றியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது பறவைக் கூண்டுக் கடை. கடைக்காரன் மூங்கில் கூண்டைத் தூக்கிக் காட்டினான். "என்ன பறவைங்க?"

"எட்டுக் கால் பறவை" என்றார் மக்காரியோ. அவன் கூண்டைக் கீழே வைத்துவிட்டான்.

பிளாஸ்டிக் டப்பாக் கடையில் மருமகன் கொஞ்ச நேரம் நின்றார். உயரமான டப்பா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சின்ன ஓட்டை போட்டுக்கலாம். காத்து வரணும், ஆனா அவ வரக் கூடாது. ஈரம் நிக்கக் கூடாது. நூல் கட்ட ரெண்டு குச்சி போதும்."

"பிளாஸ்டிக்க நான் நம்பமாட்டேன். வெயில்ல வளையும், குளிர்ல வெடிக்கும். இது வேலி இல்ல, வேஷம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, தோன் மக்காரியோ."

"இரும்புப் பெட்டி. நாலு பக்கமும் வெல்டிங்."

"உள்ள எப்படிப் பாக்கறது?"

"எதுக்குப் பாக்கணும்?"

மருமகன் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். வருத்தப்பட்ட முகமும் இல்லை. இதுதான் அவரிடம் மக்காரியோவுக்குப் பிடிக்காதது. சண்டைக்கு இழுத்தால் ஒருத்தன் வரவேண்டாமா?

ஒரு மணி ஆகியும் கையில் ஒன்றுமில்லை. கொர்தித்தா ரொட்டி சுடுகிறவளின் தட்டியோரம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உள்ளே பீன்ஸும் மிளகாயும் வைத்துச் சுடச்சுடக் கொடுத்தாள். குளிருக்கு அது தொண்டையில் இறங்க, கிழவருக்குக் கொஞ்சம் வாய் திறந்தது.

"எங்க மில்லுல சோன்னு ஒருத்தன். கக்கூஸ்ல உக்காந்தவன கபுலினா கடிச்சுடுச்சு. ஒரு பகல் ஒரு ராத்திரி வயிறு பலகையா நின்னுது. ஆறடி ஆம்பள, அம்மா அம்மான்னு அழுதான். செத்துப் போகல. ஆனா அதுக்கப்புறம் அவன் எங்கயும் பாக்காம உக்காந்ததே இல்ல. அதப் போயி நீங்க அடுப்படியில வக்கிறீங்க."

"தப்புதான். லாண்டரியிலதான் வச்சிருந்தோம். ஜனவரிக் குளிருக்கு அங்க தாங்காதுன்னு ஒப்துலியா தூக்கிட்டு வந்தா. உங்ககிட்டச் சொல்லாம வச்சது தப்பு."

தப்பு என்று ஒருவன் உடனே ஒப்புக்கொண்டால் அப்புறம் எதைப் பேசுவது?

"அவளுக்கு ஏன் இந்தப் பூச்சி மேல இவ்வளவு பாசம்? சின்ன வயசுல ஈ பறந்தாலே கத்துவா."

மருமகன் ரொட்டியைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட அவ சொல்லலியா?"

"என்ன சொல்லலியா?"

"சொல்ல வேண்டாம்னாதான்... லாண்டரிய மூடச் சொல்லுவீங்கன்னு பயந்தா." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "போன ஆகஸ்ட்டு. நான் மீட்டர் பாக்க லாண்டரிக்குப் போனேன். அங்க ஏதோ ஒழுகுதுன்னு இவ மூடியத் தூக்கிட்டு மீட்டர் குழிக்குள்ள கைய விட்டுத் தடவிக்கிட்டு இருக்கா. நான் டார்ச் அடிச்சேன். பெத்ரோனிலா அங்கதான் இருந்தா. இவ கைக்கும் அவளுக்கும் நாலு விரக்கட."

மக்காரியோ மெல்லுவதை நிறுத்தினார்.

"கத்தினா கைய உதறுவா. உதறினா கடிதான். அதனால 'அம்மணி, கைய அப்படியே வச்சிருங்க, பேசாதீங்க, மெதுவா என் பக்கம் எடுங்க'ன்னேன். எடுத்தா. வலைக்குள்ளதான் எடுத்தா. நூலெல்லாம் விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பெத்ரோனிலா மூலைக்கு ஒதுங்கிட்டா. கடிக்கல."

"எந்தக் கை?"

"என்னது?"

"எந்தக் கைன்னு கேக்கறேன்."

"வலது கை, தோன் மக்காரியோ."

கிழவர் தன் இடது கையைப் பார்த்தார். இரண்டு விரல் இருந்த இடத்தில் குளிர்காலத்தில் எப்போதும் ஒரு குடைச்சல் இருக்கும்.

"அப்பவே நசுக்கியிருக்கணும்" என்றார்.

"நானும் பூட்ஸைத் தூக்கினேன். இவதான் தடுத்தா. கடிக்காதத ஏன் கொல்றீங்கன்னா. அப்புறம் ஒரு ஜாடி கொண்டாந்து கொடுத்தா. எடுத்துட்டுப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு, அது சாப்பிட்டுதான்னு கேட்டா. அதச் சொல்லப் போனேன். மறுபடி போனேன்." மருமகனுக்குக் காது சிவந்தது. "மாசம் ஒரு தடவைதான் மீட்டர் பாக்கணும். நான் செப்டம்பர்ல பதினோரு தடவ பாத்தேன்."

மக்காரியோ எழுந்தார். "போலாம்."

"இன்னும் ரெண்டு கடை இருக்குதுங்க..."

"போலாம்னேன்."

*

வீட்டுக்கு வந்ததும் நேரே முன்னறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுவரில் எவுலாலியாவின் சுரூபக் கூடு இருந்தது. அதை இரண்டு கையாலும் இறக்கினார்.

ஒப்துலியா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, அது குழந்தை இயேசுவோட கூடு!"

"எனக்குத் தெரியாதா? செஞ்சவன் நான்."

ஒப்துலியாவுக்கு நான்கு வயதில் பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் கண் திறந்து கஞ்சி கேட்டாள். எவுலாலியா குழந்தை இயேசுவுக்கு நேர்ந்திருந்தாள். அந்த நேர்த்திக்காக மக்காரியோ கட்டினது இந்தக் கூடு. விரல் போன அதே வருஷம். கட்டுப் போட்ட கையோடு பைன் மரத்தில் சட்டம் அடித்து, மூன்று பக்கம் கண்ணாடி பதித்து, மேலே தகரக் கூரை வைத்து, அதில் ஆணியால் குத்திக் குத்தி ஒரு நட்சத்திரம் போட்டார். சுரூபத்தை வைப்பது பின்பலகை வழியாக. அதற்கு நான்கு திருகாணி. முன்கண்ணாடி திறக்காது. அடியில் மட்டும், மெழுகுதிரி வைக்கக் கையகலத்துக்கு ஒரு சின்னக் கதவு.

இப்போது கூடு காலி. திங்கட்கிழமை மெழுகுதிரித் திருநாள். சுரூபத்துக்குப் புது உடுப்புத் தைத்துப் போட ஞானத்தாய் முறைக்காரி சோனித்தா ஒரு வாரத்துக்கு முன்பே தூக்கிக்கொண்டு போயிருந்தாள். ஊர் முழுக்க இந்த வாரம் எல்லா வீட்டுக் கூடும் இப்படிக் காலியாகத்தான் இருக்கும்.

மருமகன் குனிந்து பார்த்தார். அந்த மெழுகுதிரிக் கதவை ஒரு விரலால் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"அடியில கதவு..." என்றார். "உயரம் இருக்கு. மேல தொங்குவா, நான் கீழ தொறப்பேன். நூல் ஒண்ணுகூட அறாது. ஆறு மாசமா இதத்தான் தேடறேன், தோன் மக்காரியோ." நட்சத்திரத்தின் ஓட்டைகளில் சுண்டுவிரல் நகத்தை வைத்து அளந்தார். "காத்தும் வரும். அவ உடம்பு இதுல நுழையாது."

"அம்மாவோட கூட்டுல பூச்சியா?" என்றாள் ஒப்துலியா. பூச்சிக்காக வீட்டையே விட்டுப் போகிறவள், இப்போது பூச்சியை எதிர்த்து நின்றாள். "ஊர்ல யாராவது கேட்டா?"

"யார் கேக்கறது? காய்ச்சல் உன்னை விட்டுட்டுப் போச்சு, கூடு கட்டினேன்." மக்காரியோ திருப்புளியால் பின்பலகையை இறுக்கிக்கொண்டே சொன்னார். "இதுவும் விட்டுட்டுத்தான் போச்சு. வலது கை. நாலு விரக்கட."

ஒப்துலியா புருஷனைப் பார்த்தாள். அவர் தொப்பியைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"கேட்டாரு."

"திங்கக்கிழமை?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சோனித்தா சுரூபத்தோட வருவா. ராஜாக்கள் திருநாள் ரொட்டியில பொம்மை அகப்பட்டது இவருக்குத்தான், அகப்பட்டவங்கதான் அன்னிக்கு விருந்து வைக்கணும். தமாலேக் கொழுக்கட்டை சாப்பிடத் தெருவே இங்க வரும்!"

"திங்கக்கிழமையத் திங்கக்கிழமை பாக்கலாம். இன்னிக்குச் சனிக்கிழமை. மணி நாலே கால்."

மருமகன் ஜாடியைக் கொண்டுவந்தார். பாதி லேபிள் இன்னும் கிழியாமல் ஒட்டியிருந்தது. துணியை மெல்ல விலக்கி, உள்ளிருந்த குச்சியை லாண்டரி இடுக்கியால் பிடித்து, சிலந்தியோடும் வலையோடும் தூக்கினார். மக்காரியோ மெழுகுதிரிக் கதவைத் திறந்து பிடித்தார். மீதமிருந்த மூன்று விரலுக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கருப்புப் பொட்டு கடந்து போனபோதும் கதவை விடவில்லை. குச்சி உள்ளே போய்ச் சாய்ந்தது. கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். கொக்கிக்கு மேல் ஒரு கம்பியும் சுற்றினார்.

பெத்ரோனிலா கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி மேலே ஏறி, நட்சத்திரத்துக்குக் கீழே போய், தலைகீழாகத் தொங்கினாள். வயிற்றுச் சிவப்பு மெழுகுதிரி போலத் தெரிந்தது.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. ஐந்துகூட ஆகவில்லை.

ஒப்துலியா அடுப்படிக்குப் போனாள். மூட்டையின் முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. அப்புறம் செய்தித்தாள் கசங்கும் சத்தம். காப்பிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, "வாங்க, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம்" என்று புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் வண்டிக்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது முன்னறை வரைக்கும் கேட்டது.

மக்காரியோ கூட்டுக்கு முன்னால் தனியாக நின்றார். தான் செய்த வேலையை எந்தத் தச்சனும் ஒருதரம் சுற்றிப் பார்ப்பான். அவரும் பார்த்தார். சட்டம் ஆடவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை.

குச்சியின் பின்பக்கத்தில், ஜாடியில் லேபிள் மறைத்திருந்த பக்கத்தில், கொண்டைக்கடலை அளவுக்கு ஓர் உருண்டை. வெளிர் பழுப்பு. நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது.

அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மில்லில், அடுக்கின மரத்துக்குப் பின்னால், இந்த மாதிரி உருண்டைகளை எத்தனையோ பூட்ஸால் தேய்த்திருக்கிறார்.

இடுக்கி மேஜையில் கிடந்தது. கம்பியை அவிழ்த்துக் கதவைத் திறந்து ஒரு நசுக்கு நசுக்க அரை நிமிஷம் போதும். இடுக்கியை எடுத்தார்.

மேலே தொங்கினவள் இறங்கிவந்தாள். குச்சிக்கு வந்து, உருண்டைக்குப் பக்கத்தில் நின்று, முன்கால் இரண்டையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

வாசலில் ஒப்துலியா மறுபடி சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்புக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது.

கிழவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

மருமகன் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். "வண்டி போயிடுச்சு. காப்பி கொதிக்குது. உங்களக் கூப்பிட்டா."

"மீட்டர்காரரே, ஒண்ணு கேக்கறேன். இந்தப் பூச்சியோட குஞ்சு, பொறந்தப்ப எவ்வளவு பெருசு இருக்கும்?"

"சியா விதை அளவுதான் இருக்கும், மாமா. ஏன்?"

"மாமாவா? யாருக்கு?"

மருமகன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். காது மறுபடி சிவந்தது.

மக்காரியோ தகரக் கூரையைப் பார்த்தார். எவ்வளவு ஆசையாகக் குத்தின நட்சத்திரம். மொத்தம் நாற்பது ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு மிளகு தாராளமாகப் போகும். சியா விதை என்றால் கைகோத்துக்கொண்டு நாலு நாலாகப் போகும்.

சொன்னால், ஒப்துலியா மறுபடி மூட்டை கட்டுவாளோ என்னவோ. காப்பி இறங்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் எவுலாலியாவின் பழைய ஜன்னல் வலைத்துணி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"சும்மாதான் கேட்டேன்" என்றார். "வாய்யா, காப்பி ஆறிடும்."

கூட்டைத் திரும்பிப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் நடந்தார். எத்தனை கண்ணாடி போட்டு, எத்தனை நட்சத்திரம் வைத்து, யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பூச்சி பூச்சிதான். போகிற வழியில் இரண்டு செருப்பையும் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, நன்றாக உதறிவிட்டுப் போட்டுக்கொண்டார்.